சொந்த எலும்பு இளப்பம் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். முழுவதும் படித்துவிட்டுப் போடுங்கள்.

புற்றுநோய் வந்த எலும்புத் துண்டை உடம்பிலிருந்து வெட்டி எடுத்து, அதிலிருக்கும் நோயைக் கொன்றுவிட்டு, அதே எலும்பை அதே இடத்தில் திரும்பப் பொருத்துகிற ஒரு அறுவை சிகிச்சை இருக்கிறது. இது காசில்லாதவர்களுக்குச் செய்யும் ஒப்பேற்று வேலை இல்லை. தகுந்த பிள்ளைக்குத் தகுந்த நேரத்தில் செய்தால், விலை உயர்ந்த உலோகத்தைவிட நல்ல வழியாகவும் அமையும். இதுதான் என் கருத்து.

இப்போது ஏன் இந்தப் பேச்சு என்றால், நம் சொந்தத்தில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குத் தொடை எலும்பின் நடுவில் எவிங் சர்கோமா என்ற புற்றுநோய். பெயர் வேண்டாம். அவன் அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கீமோ மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அடுத்தது ஆபரேஷன். காலை எடுக்க வேண்டியதில்லை, எலும்பை எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்துத் திரும்ப வைக்கிறோம் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் குடும்பக் குழுவில் அமளி. "புத்து வந்த எலும்பையே யாராச்சும் திரும்ப வைப்பாங்களா?" என்றார் ஒருவர். "வசதி இல்லாதவங்கன்னு பழைய எலும்பை வச்சு அனுப்பப் பார்க்கிறாங்க" என்றார் இன்னொருவர். "ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நல்ல உலோகமே வச்சிடலாமே" என்று மூன்றாமவர். எல்லோரும் அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் அதையெல்லாம் படித்துவிட்டு அந்தப் பிள்ளையின் தாய், "அத்தை, நாங்க அவனுக்குக் குறை வைக்கிறோமா?" என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து 34 வருஷம் நடுநிலைப்பள்ளியில் அறிவியல் எடுத்தவள். மூன்று வாரமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தியைப் போனில் கேள்வி கேட்டே பாடாய்ப் படுத்தினேன். புரிந்ததை வகுப்பில் சொல்கிற மாதிரி சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு எலும்பிலேயே தோன்றும் புற்றுகளில் அதிகம் வருவது இரண்டு. ஒன்று ஆஸ்டியோசர்கோமா, மற்றது எவிங் சர்கோமா. ஆஸ்டியோசர்கோமா, பிள்ளைகள் கிடுகிடுவென்று உயரம் போடுகிற பருவத்தில், பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வரும். 1970-க்கு முன்பு அதற்குக் காலை எடுப்பதுதான் வைத்தியம். எடுத்தும் ஐந்தில் நான்கு பேர் பிழைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நோய் அணுக்கள் அதற்கு முன்பே நுரையீரலுக்குப் போயிருக்கும்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் பற்றி உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். 1977-ல் இந்த நோய்க்காக 18 வயதில் வலது காலை எடுத்தார்கள். செயற்கைக் காலோடு 1980-ல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட ஓடினார். 143 நாள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலில் மறுபடி தெரிந்ததும் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 1981-ல் 22 வயதில் போய்விட்டார். காலை எடுத்தாலும் நோய் நிற்காது என்பதற்கும், கால் போனாலும் மனிதன் நிற்க மாட்டான் என்பதற்கும் அவரே சாட்சி.

நிலைமையை மாற்றியது கீமோ. 1970-களில் நியூயார்க்கில், சில பிள்ளைகளுக்கு அளவெடுத்து உலோக எலும்பு செய்து வரச் சில மாதம் ஆகும் என்பதால், அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று முன்கூட்டியே மருந்து கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது. முதலில் மருந்து, பிறகு ஆபரேஷன், மறுபடி மருந்து என்ற இன்றைய வரிசை அப்படி வந்ததுதான். நோய் வேறெங்கும் பரவாத நிலையில் முழுச் சிகிச்சை எடுத்தால் இன்று ஆஸ்டியோசர்கோமாவில் நூற்றுக்கு 60 முதல் 70 பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டுகிறார்கள். உயிர் தங்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான், காலையும் காப்பாற்றலாமே என்ற யோசனைக்கு அர்த்தம் வந்தது.

காலைக் காப்பாற்றுவது என்றால், நோயுள்ள எலும்பைச் சுற்றி நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுப்பது. எடுத்தபின் தொடைக்குள் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அதை எதைக் கொண்டு நிரப்புவது?

முதல் வழி உலோகம். மூட்டோடு சேர்ந்து எலும்பு போய்விட்டால் பெரும்பாலும் இதுதான் சரி. வெளிநாட்டுச் சாமானை நம்மவர் விலை கேட்கவே முடியாத காலத்தில், உள்நாட்டிலேயே அளவெடுத்துச் செய்த உலோக எலும்பை வைத்து நிறையப் பேரை நடக்க வைத்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மயில்வாகனன் நடராஜன். அதனால் உலோகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதில் சீக்கிரம் காலை ஊன்றலாம். ஆனால் உலோகம் தேயும், வருஷக்கணக்கில் ஆடிப்போய்த் தளரும். 14 வயதுப் பையன் இன்னும் 60 வருஷம் நடக்க வேண்டியவன். இரண்டாவது, மூன்றாவது ஆபரேஷனுக்குத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, இறந்தவர்கள் தானம் செய்த எலும்பு. மேல்நாடுகளில் எலும்பு வங்கிகள் அதிகம். ஆசியாவில் அப்படித் தானம் கிடைப்பது குறைவு. ஜப்பானிலும் கொரியாவிலும் இந்தியாவிலும் மூன்றாவது வழி வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மூன்றாவது வழி, அவனுடைய எலும்பையே திரும்பக் கொடுப்பது. நோயை எப்படிக் கொல்கிறார்கள் என்பதில் நான்கு முறைகள் உண்டு. நான்குமே நமக்குத் தெரிந்த சங்கதிகள்தான்.

ஒன்று, நீராவியில் அவிப்பது. ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ், நம் பிரஷர் குக்கரின் அண்ணன். நோய் நிச்சயம் சாகும். ஆனால் வெந்த முட்டை பச்சை முட்டையாகாது என்பது மாதிரி, அத்தனை சூட்டில் எலும்பின் புரதமும் கெட்டு வலு குறைகிறது.

இரண்டு, பால் பாக்கெட்டில் பாஸ்சரைஸ்டு என்று போட்டிருக்கிறதே, அது. லூயி பாஸ்டர் 1860-களில் திராட்சை மது கெடாமலிருக்கக் கண்டுபிடித்த முறை. 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் பாலில் நோய்க்கிருமி சாகும், பால் பாலாகவே இருக்கும். எலும்பையும் 60 முதல் 65 டிகிரி சூட்டில் அரை மணியோ சற்றுக் கூடுதலாகவோ வைக்கிறார்கள். புற்று அணுக்கள் சாகின்றன. எலும்பு வளரத் தூண்டும் புரதம் பெருமளவு தப்பிக்கிறது. ஜப்பானில் வளர்ந்த முறை இது.

மூன்று, உறைய வைப்பது. மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசி போடுகிறவர் ஒரு கேன் வைத்திருப்பார், மூடியைத் திறந்தால் புகையாக வரும். அதிலிருப்பது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அதில் எலும்பை 20 நிமிடம் முக்கி, வெளியே 15 நிமிடம் வைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரில் 15 நிமிடம் போட்டு எடுக்கிறார்கள். கனசாவா பல்கலைக்கழகத்தின் ஹிரோயுகி சுச்சியா குழுவினர் 2005-ல் இந்த முறையை வெளியிட்டார்கள். எலும்பின் ஒரு முனையை மட்டும் வெட்டி, மறுமுனை காலோடு ஒட்டியபடியே வளைத்து முக்கியெடுப்பதும் உண்டு.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்பான்: "டீச்சர், அந்தக் கேன்ல விந்து உசிரோட இருக்குதே, புத்து மட்டும் எப்படிச் சாகும்?" நல்ல கேள்வி. விந்தோடு கிளிசரின் போன்ற பாதுகாப்புப் பொருளைக் கலந்து, பக்குவமாக உறைய வைக்கிறார்கள். எலும்புக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. அணுவுக்குள் இருக்கும் தண்ணீர் ஐஸ் ஊசிகளாக மாறி அணுவையே கிழித்துவிடும்.

நான்கு, நம் பையனுக்குச் சொல்லியிருக்கும் கதிர்வீச்சு முறை. 1968-லேயே இஸ்ரேலில் இரண்டு மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பிள்ளை மயக்கத்தில் இருக்கும்போதே எலும்பை வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் கட்டியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கிருமி படாமல் பல சுற்றுச் சுற்றி, கதிர்வீச்சு மெஷினுக்குக் கொண்டுபோகிறார்கள். வழக்கமான கதிர்வீச்சில் ஒரு நாளைக்கு 2 கிரே அளவுதான் கொடுப்பார்கள். இங்கே ஒரே தடவையில் 50 கிரே. தோல், நரம்பு, ரத்தக்குழாய் எதுவும் கூடப் போகாததால் அவ்வளவு கொடுக்க முடிகிறது. பிறகு கொண்டுவந்து பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துவார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள், நம் பையனுக்கு வந்த மாதிரி எலும்பின் நடுப்பகுதியில் வந்த புற்றுக்கு இதைச் செய்து, முடிவுகளை 2012-ல் வெளியிட்டிருக்கிறார்கள். அதனால் யாரோ நம் பிள்ளையை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

கதிர்வீச்சு எலும்பிலேயே தங்கிவிடாதா என்று சித்தப்பா கேட்டிருந்தார். தங்காது. டார்ச்சை அணைத்தபின் சுவரில் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருக்குமா?

நோய் திரும்பி வராதா என்பது அடுத்த கேள்வி. எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் வரலாம். உலோகம் வைத்தாலும் வரலாம். ஆனால் சுத்தம் செய்து வைத்த எலும்பிலிருந்து நோய் கிளம்புவது அரிது. அதே இடத்தில் திரும்ப வந்தால், பெரும்பாலும் சுற்றியுள்ள சதையில் மிச்சம் இருந்ததிலிருந்துதான் வருகிறது. அந்த ஆபத்து எதைப் பொருத்தினாலும் ஒன்றுதான்.

புற்று அணு செத்தது போல எலும்பின் நல்ல அணுவும் செத்துவிடுமே, பிறகு அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். கட்டடம் கட்டச் சாரம் கட்டுகிறோம் அல்லவா? சவுக்குக் கம்புக்கு உயிர் இல்லை. ஆனால் அதில் ஏறித்தான் கொத்தனார் சுவர் எழுப்புகிறார். வைத்த எலும்பும் அப்படித்தான். இரண்டு முனையிலும் இருக்கும் உயிருள்ள எலும்பிலிருந்து அணுக்களும் ரத்தக்குழாய்களும் மெல்ல உள்ளே ஏறி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றிப் புதியதைக் கட்டுகின்றன. இது வருஷக்கணக்கில் நடக்கும். அவனுடைய எலும்பு என்பதால் நீளமும் வளைவும் அப்படியே பொருந்தும். உடம்பு அந்நியமென்று தள்ளாது. அடுத்தவர் எலும்பிலிருந்து தொற்று வருமோ என்ற பயமில்லை.

இனி குறைகள். நூற்றுக்கு நூறு மார்க் நான் யாருக்கும் போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இது சேர நாள் பிடிக்கும். வெட்டிய இரண்டு முனைகளும் ஒட்ட மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருஷத்தையும் தாண்டும். நடுத்தண்டில் இருக்கும் வெட்டு, மூட்டுப் பக்கத்து வெட்டைவிடத் தாமதமாகச் சேரும். சேராவிட்டால், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைக்க இன்னொரு ஆபரேஷன் வரலாம். சீக்கிரம் சேரட்டும் என்று, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்துத் துணைக்கு வைப்பதும் உண்டு. வைத்த எலும்பு முறியலாம். சீழ் பிடிக்கலாம். சீழ் பிடித்தால் எலும்பையே எடுக்க வேண்டியும் வரும்.

இன்னொரு குறை நம் கண்ணுக்குத் தெரியாதது. எடுத்த எலும்பை முழுவதுமாகப் பரிசோதனைக்கு அனுப்பினால், மருந்து எவ்வளவு வேலை செய்தது, ஓரங்களில் நோய் இருக்கிறதா என்று துல்லியமாகப் பார்க்கலாம். திரும்ப வைக்கிற எலும்பை அப்படி அறுத்துப் பார்க்க முடியாது. சுரண்டி எடுத்த கட்டியையும் ஓரத்துத் துணுக்குகளையும்தான் பார்க்க முடியும்.

எல்லோருக்கும் இது ஆகாது என்பதும் முக்கியம். நோய் எலும்பைத் தின்று ஓட்டாக்கியிருந்தால், ஏற்கெனவே முறிந்திருந்தால், திரும்ப வைக்க அங்கே எலும்பே மிஞ்சாது. நோய் முக்கிய நரம்பையும் ரத்தக்குழாயையும் சுற்றிக்கொண்டிருந்தால் காலை எடுப்பதே உயிரைக் காக்கும் வழியாக இருக்கலாம். அப்போது காலைத்தான் விட வேண்டும்.

நம் பையனுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் நன்றாக இருக்கின்றன. எலும்பின் ஓடு கெட்டியாக இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் டாக்டர்கள் இந்த வழியைச் சொன்னார்கள். அவன் அப்பாவின் சம்பளத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. செலவு குறைவு என்பது உண்மைதான். ஒரு வழி மலிவாக இருப்பதாலேயே மட்டமாகிவிடுமா? முருங்கைக்கீரை மலிவு என்பதால் அதில் சத்து இல்லையா?

"எலும்பு மறுசுழற்சி" என்ற சொல்லும் நம்மைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். மறுசுழற்சி என்றால் நமக்குப் பழைய பேப்பர்க்காரரும் பிளாஸ்டிக் பாட்டிலும்தான் ஞாபகத்துக்கு வரும். பித்தளை அண்டாவை ஈயம் பூசக் கொடுத்து வாங்குவோமே, அதை யாராவது பழைய சாமான் என்போமா? நம்முடைய அண்டா நம் வீட்டுக்கே திரும்பி வருகிறது. அப்படி எண்ணிக்கொள்ளுங்கள்.

சொல் சரியாகப் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சில வருஷம் முன்பு எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பையன். "உங்க எலும்பையே வைப்போம்" என்றதும் பெற்றோர் பயந்து கூட்டி வந்துவிட்டார்கள். இரண்டு மாதம் எண்ணெய் தடவினார்கள், கட்டுப் போட்டார்கள். ஒரு நாள் வாசலில் கால் பிசகி, புற்று அரித்த இடத்தில் எலும்பு முறிந்தது. மறுபடி ஓடியபோது காலை எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. பையன் இன்று நன்றாக இருக்கிறான், செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பாஷையில் உட்கார்ந்து பத்து நிமிடம் விளக்க அன்றைக்கு யாரும் இல்லை. மருத்துவர்களாகவும் நர்ஸ்களாகவும் இருக்கும் என் மாணவர்களே, அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்குங்கள். காகிதத்தில் ஒரு எலும்பை வரைந்து காட்டுங்கள். அதுவும் வைத்தியம்தான்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். உலோகத்துக்காகத் திரட்டுவதாகச் சொன்ன பணத்தைத் தாராளமாகத் திரட்டுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது சேரும், எது சேராது என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் அவன் அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு வெளியே செலவு நிறைய இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் அவன் காலை ஊன்றக் கூடாது. கம்பு ஊன்றி நடக்க வேண்டும், பிசியோதெரபிக்கு ஆட்டோ வேண்டும், அம்மா வேலைக்குப் போக முடியாது, பள்ளிக்கூடம் ஒரு வருஷம் போகும். "இன்னுமா நடக்கலை?" என்று யாரும் கேட்காமல் இருப்பதும் பெரிய உதவி. பாடம் சொல்லிக்கொடுக்க நான் போகிறேன். சந்தேகம் எதுவானாலும் எனக்குப் போன் செய்யுங்கள், அவன் அம்மாவுக்குச் செய்யாதீர்கள்.

கடைசியாக, ஆசிரியர்களாகவும் பி.டி. மாஸ்டர்களாகவும் பெற்றோர்களாகவும் இருக்கும் என் மாணவர்களுக்கு. எலும்பு கெட்டியாக இருக்கும்போதே வந்தால்தான் எலும்பைத் திரும்ப வைக்க முடியும். வளரும் பிள்ளை முழங்காலோ தொடையோ தோளோ வலிக்கிறது என்று சொன்னால், முக்கால்வாசி விளையாட்டில் பட்ட அடியாகத்தான் இருக்கும். ஆனால் ஓய்வெடுத்தும் இரண்டு மூன்று வாரத்தில் போகாத வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, தொட்டால் தட்டுப்படும் வீக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், கட்டுப் போடாதீர்கள். முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். அதில் சந்தேகம் என்றால், சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியைக் கண்ட இடத்தில் செய்யாமல், ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவமனையிலேயே செய்யச் சொல்லுங்கள். ஊசி போன பாதையையும் பின்னால் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். தப்பான இடத்தில் குத்தினால் காப்பாற்றக்கூடிய காலும் போய்விடலாம்.

உங்கள் பள்ளியில், உங்கள் தெருவில், நொண்டிக்கொண்டே வரும் பிள்ளை யாராவது இருந்தால், நாளைக்கே கூப்பிட்டு விசாரியுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்